த பீச்: படமா, நாவலா?

அறுகம் குடாவில் அலைச்சறுக்குப் பலகையோடு திரியும் வெள்ளைக்காரப் பெடியன்களைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, சொர்க்கம் தேடி முதுகுப்பையோடு கிளம்புகிறவர்களின் கதை புதிதில்லை. ஆனாலும் 'த பீச்' பற்றிப் பேச்சு வந்தால், படம் பார்த்தவர்களும் நாவல் வாசித்தவர்களும் ஒத்துப்போவதே இல்லை.

டானி பாயிலின் 2000ஆம் ஆண்டுப் படத்தைப் புகழ்கிறவர்கள் முதலில் சொல்வது கடலைத்தான், அதில் பொய்யில்லை, படம் பிடித்த தாய்லாந்தின் மாயா குடா அப்படி ஒரு நீலம். (கூட்டம் தாங்காமல் 2018இல் மூடி, 2022இல்தான் திரும்பத் திறந்தார்கள்.)

எனக்கு இடிப்பது காதல்தான். அலெக்ஸ் கார்லண்டின் 1996 நாவலில் நாயகன் ரிச்சர்ட் ஓர் ஆங்கிலேயன், கூட வரும் பிரெஞ்சுக்காரி பிரான்சுவாஸை மனசுக்குள் விரும்புவதோடு சரி; படத்திலோ அவன் அமெரிக்கன், அவளோடும் சேர்கிறான், அப்புறம் தீவில் ஒளிந்து வாழும் குழுவின் தலைவி சாலோடும் படுக்கிறான். தீவுக்கு வரைபடம் கொடுத்துவிட்டுச் செத்துப்போன டாஃபி அடிக்கடி வந்து அவனோடு பேசுவதுதான் நாவலின் முதுகெலும்பு, படம் அதை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு ஓடுகிறது.

முடிவு? நாவலில் குழுவின் விருந்து இரத்தக்களரியாகிறது. படத்தில் வெடிக்காத துப்பாக்கியின் ஒரு சொடுக்கோடு ஆட்கள் மூட்டை கட்டுகிறார்கள். ரிச்சர்ட் காட்டுக்குள் வீடியோ கேம் பாத்திரம்போல் நடக்கும் காட்சி சிலருக்குப் பிடிக்கும், எனக்கு எரிச்சல். ஞாயிறு பின்னேரத்துக்குப் படம் போதும், ஆங்கிலம் ஓடுமென்றால் நாவலை எடுங்கள்.