விரைந்து கரைவதா, நின்று கரைவதா?

உடலுக்குள் வைத்தால் தானாகக் கரைந்துபோகும் செயற்கைப் பாலிமர்களில் (சிறு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த பொருள்களில்) எது சிறந்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எத்தனை நாளில் கரைய வேண்டும், கரையும்போது சுற்றியுள்ள சதையை என்ன செய்யும் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பதில் உண்டு. முதியோர் பெருகிவரும் சிங்கப்பூரில், நம் வீட்டுப் பெரியவர்களின் உடலுக்குள் போகக்கூடியவை என்ற முறையில் பிஎல்ஜிஏ, பிசிஎல் இரண்டையும் முதலில் எடைபோட வேண்டும்.

பிஎல்ஜிஏ என்பது லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் கலந்து கோத்த சங்கிலி. உடலிலுள்ள நீரே அந்தச் சங்கிலியைக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை அறுத்துவிடும். மிஞ்சும் அமிலங்கள் உடலுக்குப் புதியவை அல்ல. கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் வெளியேறிவிடும். இரண்டு அமிலங்களையும் சம பங்கில் கலந்தால் ஒன்றிரண்டு மாதங்களில் கரையும். லாக்டிக் பங்கை 85 விழுக்காடாக உயர்த்தினால் ஐந்தாறு மாதம் தாங்கும். கலவையை மாற்றியே காலத்தைக் குறிக்க முடிவதுதான் இதன் பெரும் பலம். அறுவை மருத்துவர்கள் பயன்படுத்தும் விக்ரில் தையல் நூலும் இதே குடும்பம்தான்: 90 பங்கு கிளைக்காலிக், 10 பங்கு லாக்டிக், 56 முதல் 70 நாள்களில் முழுவதும் கரைந்துவிடும்.

மருந்தைச் சிறுகச் சிறுக விடுவதில் பிஎல்ஜிஏவை வெல்ல ஆளில்லை என்பது என் துணிபு. புராஸ்டேட் புற்றுநோய்க்கான லூப்ரோலைடு மருந்தை இதன் நுண்ணுருண்டைகளுக்குள் அடைத்து, மாதம் ஒருமுறை போடும் ஊசியாக 1989இல் அமெரிக்கா அனுமதித்தது. அதற்குமுன் தினமும் ஊசி. பிள்ளைகள் வேலைக்கு விடுப்பு எடுத்து அப்பாவைச் சக்கர நாற்காலியில் மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு போகும் குடும்பங்களுக்கு, இந்த ஒரு மாற்றம் எவ்வளவு பெரியது!

ஆனால் நம் ஊர்க் காற்றின் ஈரம் இதற்கு எதிரி. ஆய்வுக்கூடத்தில் பிஎல்ஜிஏ புட்டியை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் திறக்கக்கூடாது. மேசைமேல் வைத்து, அறையின் வெப்பத்துக்கு அது வரும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையிழந்து மூடியைத் திருகினால் குளிர்ந்த தூளின்மேல் ஈரம் படியும். உடலுக்குள் நடக்க வேண்டிய சிதைவு அங்கேயே தொடங்கிவிடும். பிறகு மருந்து வெளியேறும் வேகக் கணக்கை நம்ப முடியாது.

இன்னொரு குறை அமிலம். நுண்ணுருண்டை சிறியது, அமிலம் எளிதில் வெளியேறிவிடும். பருமனான துண்டில் அது நடுவிலேயே தேங்கி, உள்பகுதியை வெளிப்பகுதியைவிட விரைவாக அரிக்கும். சுற்றிலும் அழற்சியும் வரலாம். எனவே எலும்பில் வைக்கும் பொருளாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அங்கேதான் பிசிஎல் என்ற பாலிகேப்ரோலாக்டோன் முந்துகிறது. அதன் சங்கிலியில் நீரை விலக்கும் கார்பன் தொடர்கள் நீளமாக இருப்பதால், கரைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அமிலமும் மெதுவாகவே சேரும். சுமார் 60 பாகை செல்சியசில் உருகிவிடுவதால் வார்ப்பதும் அச்சிடுவதும் எளிது. சுடுநீரில் போட்டால் வெண்ணிறம் மாறிக் கண்ணாடியாகத் தெளியும். கையால் பிசைந்து வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரலாம்.

இதில் சிங்கப்பூருக்கு ஒரு பெருமை உண்டு. முதியவர் தடுக்கி விழுந்து, மூளையுறைக்கடியில் இரத்தம் கட்டினால், மண்டையோட்டில் துளையிட்டு அதை வடிப்பார்கள். உயிர் பிழைத்த பிறகும் தலையில் குழி தெரியும். அந்தத் துளையை மூட, இங்குள்ள ஆய்வாளர்களின் உழைப்பில் உருவான ஆஸ்டியோபோர் நிறுவனம் முப்பரிமாண அச்சில் பிசிஎல் வட்டுகளைத் தயாரிக்கிறது. அடுக்கடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் இழைகள். இடைவெளிகளில் இரத்தம் புகும், எலும்புச் செல்கள் குடியேறும். எலும்பு வளர்வதற்கு மாதக்கணக்கில் அவகாசம் தேவை. சாரம்போல் தாங்கும் வட்டு முன்னதாகவே கரைந்தால் குழி மறுபடி விழும். பிசிஎல்லின் தாமதம் இங்கே குறையன்று, தகுதி.

மெதுவாகக் கரைந்தால் எங்கும் நல்லது என்றும் எண்ணிவிடக்கூடாது. லாக்டிக் அமிலம் மட்டுமே கோத்த பிஎல்எல்ஏ என்ற பாலிமரில் அபோட் நிறுவனம் செய்த ஸ்டென்ட் (இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்), 2016இல் அமெரிக்க அனுமதி பெற்று, மறு ஆண்டே விற்பனையிலிருந்து விலகியது. கரைய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். உலோகத்தின் வலிமை அதற்கு இல்லாததால் கம்பிகளைத் தடிமனாக்க வேண்டியிருந்தது; உலோக ஸ்டென்ட்டைவிட அதில் இரத்தம் உறைவது அதிகமாக இருந்தது.

பாலியன்ஹைட்ரைடு என்ற பாலிமர் வகை தனி. அது சோப்புக்கட்டியைப்போல் மேலிருந்து தேயும். மூளைக்கட்டியை அகற்றிய இடத்தில் கார்முஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை விடும் கிளியாடெல் வில்லைகள் 1996 முதல் அதில்தான் வருகின்றன. அந்த ஒரு வேலைக்கு அது பொருத்தம்; மற்றபடி வீட்டுப் பெரியவர்கள் அதைச் சந்திக்க வாய்ப்பு குறைவு.

ஆகவே ஊசி மருந்துக்கு பிஎல்ஜிஏ, மண்டையோட்டுத் துளைக்கு பிசிஎல் என்றே சொல்வேன். உடைந்த தொடையெலும்புக்கு இரண்டையும் தனியே நம்ப மாட்டேன். பிசிஎல் மிக மென்மையானது, உடலின் பாரத்தைத் தாங்காது. எலும்பின் தாதுவை ஒத்த டிரைகால்சியம் பாஸ்பேட் கலந்து அதைக் கெட்டியாக்கும் வழி இருக்கிறது. அப்படிச் செய்தாலும், எலும்பு சேரும்வரை பாரத்தைச் சுமக்க உலோகத் தகடோ கம்பியோ பக்கத்தில் இருக்க வேண்டும்.