முனையமா, புளோக் எதிரே உள்ள நிறுத்தமா?

சிங்கப்பூரின் யீஷூனில் வேலைக்குப் பேருந்து ஏற எனக்கு இரண்டு இடம். ஒன்று 2019இல் திறந்த குளிரூட்டிய முனையம். பத்து நிமிடம் நடக்கணும். நார்த்பாயிண்ட் கடைத்தொகுதியை ஒட்டியிருப்பதால் மழைக்குக் கவலையில்லை, வண்டி அங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடமும் கிடைக்கும். அவ்வளவுதான்.

மற்றது நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக் எதிரே உள்ள நிறுத்தம். அங்கே வண்டி வருவதற்குள் இருக்கையெல்லாம் நிறைந்திருக்கும். கை காட்டாவிட்டால் நிற்காமலும் போய்விடும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நான் இரண்டு முறை கோட்டை விட்டிருக்கிறேன். காசிலும் பெரிய மிச்சமில்லை. தூரத்துக்குத்தான் கட்டணம், 45 நிமிடத்துக்குள் ரயிலுக்கு மாறினாலும் அதே கணக்கில் தொடரும்.

இருந்தும் என் ஓட்டு நிறுத்தத்துக்கே. பக்கத்துக் காப்பிக் கடையில் நெகிழிப் பையில் ஊற்றிக் கயிறு முடிந்து தரும் தே (தேநீர்), விரலில் தொங்கிச் சுடும். பெஞ்சு ஓரத்தில் தள்ளுவண்டியோடு ஒரு பாட்டி. சனிக்கிழமை என்றால், “என்ன தம்பி, தேக்கா சந்தைக்கா? முருங்கைக்கீரை நல்லாயிருந்தா எனக்கும் ஒரு கட்டு” என்பார்.