அம்மாவின் முழங்கால் பிரேஸ்: ஊரில் அளவெடுத்த அனுபவம்

இந்த விடுமுறையில் ஊரில் உருப்படியாக முடிந்த வேலை, அம்மாவின் மூட்டுத் தேய்மானத்துக்கு பிரேஸ் (முழங்காலில் கட்டும், கீலும் பட்டைகளும் வைத்த தாங்கு கருவி) செய்து வாங்கியதுதான். முதலில் போன கடையில் காலைப் பார்க்காமலே, "மீடியமா, லார்ஜா?" என்று கேட்டு, முழங்காலில் இழுத்து மாட்டும் துணி உறையான 'நீ கேப்' (knee cap) ஒன்றை நீட்டினார்கள். நீ கேப் வீண் இல்லை. கதகதப்பாக இருக்கும், கால் பிடிமானமாகத் தோன்றும். ஆனால் தேய்ந்த பக்கத்தில் விழும் சுமையை அது இறக்காது.

அப்புறம் டாக்டர் எழுதிக்கொடுத்த ஆர்த்தோட்டிஸ்டிடம் (பிரேஸ் போன்றவற்றை அளவெடுத்துச் செய்து தருபவர்) போனோம். அவர் டேப்பைத் தொடுவதற்கு முன் அம்மாவை நடக்கவிட்டுப் பார்த்தார். நின்றபடி எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டார். உடல் எடை விழும்போதுதான் மூட்டு இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியுமாம். "உள்பக்கம் தேஞ்சிருக்கும்மா, அதான் கால் வெளியே வளையுது" என்றார். பிரேஸ் மூன்று இடத்தில் அழுத்தும்: முழங்காலில் வெளியிலிருந்து உள்ளே, தொடையிலும் கெண்டையிலும் உள்ளிருந்து வெளியே. அதில் உள்பக்கச் சுமை கொஞ்சம் குறையும்.

முழங்கால் சில்லின் நடுவிலிருந்து மேலே 15 செ.மீ., கீழே 15 செ.மீ. தள்ளிச் சுற்றளவு எடுத்தார். முழங்கால் கதவுக் கீல் போல ஒரே புள்ளியில் மடங்குவதில்லை, மடங்க மடங்க அச்சு நகர்கிறது. அதனால் இரண்டு பல்சக்கரம் வைத்த கீலைப் போட்டார். தொடை கீழே போகப் போகச் சிறுப்பதால் பிரேஸ் வழுக்கி இறங்கும். அதைத் தாங்குவது கெண்டைச் சதைக்குச் சற்று மேலே வரும் பட்டைதான், முதலில் அதைத்தான் இறுக்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு: அம்மாவின் விரல்களால் வெல்க்ரோவைப் பிரிக்க முடியவில்லை என்று பார்த்துவிட்டு, பட்டை நுனியில் விரல் நுழையும் வளையம் தைத்துக் கொடுத்தார். போட முடியாத பிரேஸ் அலமாரியில்தானே கிடக்கும்!

குறை இல்லாமல் இல்லை. கனம் அதிகம், வியர்க்கிறது. கழற்றி அரை மணி நேரமாகியும் சிவப்புத் தடம் மறையவில்லை என்றால் வரச் சொல்லியிருந்தார். போனோம், பஞ்சு மெத்தையை மாற்றினார். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது, தொடைத் தசைப் பயிற்சியை விடாதீர்கள் என்றும் சொன்னார்.

விடுமுறையில் போகிறவர்கள் போன கையோடு அளவு கொடுத்துவிடுங்கள். கிளம்பும் வாரத்தில் கொடுத்தால் திருத்தத்துக்கு நாள் இருக்காது.