பழைய சிட்டாடல் மினியேச்சர்களை எங்கே விற்பது: ஏலமா, குழுவா, கடையா, கண்காட்சியா?

1980களிலும் 90களிலும் வார்ஹேமர் என்ற மேசைப் போர் விளையாட்டை விளையாடி வளர்ந்த பிரிட்டன்காரர்கள் இப்போது ஐம்பதை நெருங்கிவிட்டார்கள், பலர் தாண்டியும்விட்டார்கள். வீடு மாறும்போதோ, அப்பா அம்மாவின் வீட்டைக் காலி செய்யும்போதோ பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்குகிறது. உள்ளே ஆர்க்குகள், கோப்ளின்கள், குள்ளர்கள், அலகு போல நீண்ட தலைக்கவசம் மாட்டிய விண்வெளிப் படைவீரர்கள். பாதி ஈயம், பாதி பிளாஸ்டிக். இவற்றில் பெரும்பாலானவற்றை வார்ப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. விற்கலாம் என்று முடிவு செய்துவிட்டால், அடுத்த கேள்வி எங்கே விற்பது என்பதுதான்.

நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு: ஈபே, ஃபேஸ்புக்கில் இயங்கும் ஆர்வலர் குழுக்கள், சேகரிப்பை மொத்தமாக வாங்கும் வியாபாரி, போர் விளையாட்டுக் கண்காட்சிகளின் விற்பனை மேசை. ஒரே பெட்டிக்கு நான்கு இடத்திலும் நான்கு விலை கிடைக்கும். அந்த நான்குமே நியாயமான விலையாக இருக்க முடியும் என்பது என் கருத்து. அடையாளம் காண்பது, படம் எடுப்பது, பொதி கட்டுவது, விற்காமல் போனால் காத்திருப்பது என்று எவ்வளவோ வேலை இருக்கிறது. அதை நீங்கள் செய்தால் அந்தப் பணம் உங்களுக்கு, வேறொருவர் செய்தால் அவருக்கு. அநியாயம் நடப்பது ஒரு இடத்தில்தான்: கையில் இருப்பது என்னவென்று ஒரு தரப்புக்கு மட்டும் தெரிந்திருக்கும்போது.

முதலில், பெட்டியில் என்ன இருக்கிறது?

இந்த வேலையைச் செய்யாமல் எந்த வழிக்கும் போகக் கூடாது. வார்ஹேமருக்கான சிறு உருவங்களை வார்த்த சிட்டாடல் நிறுவனம் 1980களின் நடுவில் பிளவு வைத்த பிளாஸ்டிக் அடித்தட்டுக்கு மாறியது. அதில் செருகுவதற்காக உருவத்தின் காலடியில் ஒரு உலோகப் பட்டை இருக்கும். அந்தப் பட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் உருவத்தின் பெயரோ படைப்பிரிவின் பெயரோ, ஆண்டோடு சேர்த்துப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஆண்டு வடிவமைப்பின் உரிமை ஆண்டு. உங்கள் கையில் இருக்கும் பிரதி அதற்குப் பல வருடம் கழித்து வார்க்கப்பட்டதாகவும் இருக்கலாம். பட்டையே இல்லாமல், உலோக அடித்தட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்ட சிட்டாடல் உருவம் என்றால் பெரும்பாலும் அதற்கும் முந்தைய காலத்தது. ஓல்டுஹேமர் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ஆர்வலர்கள் இந்தப் பழைய வார்ப்புகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். பழைய விலைப்பட்டியல்களின் படங்களை ஸ்டஃப் ஆஃப் லெஜண்ட்ஸ் தளத்திலும் லாஸ்ட் மினிஸ் விக்கியிலும் தேடிப் பார்க்கலாம். ஒரு மாலைப் பொழுதை இதற்குச் செலவிட்டால், பெட்டியில் பெயர் தெரியாத உருவங்கள் பாதிக்குப் பாதி குறைந்துவிடும்.

அடுத்தது உலோகம். வார்ஹேமரையும் சிட்டாடல் உருவங்களையும் வெளியிடும் கேம்ஸ் வொர்க்ஷாப் 1997 வாக்கில் ஈயக் கலவையைக் கைவிட்டு ஈயமில்லாத வெள்ளை உலோகத்துக்கு மாறியது. ஈயம் கனமானது, மெத்தென்று வளையும், காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் கோடு விழும். வெள்ளை உலோகம் அதைவிட விறைப்பானது, பளபளப்பும் கூடுதல். ஈய உருவத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அரிப்பு. ஓக் மர அலமாரி போன்றவற்றிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை மெல்ல மெல்லத் தின்னும். அந்தப் பொடியை ஊதித் தள்ளாதீர்கள், அது நச்சு. விற்கும்போது அதை மறைக்கவும் கூடாது.

பெயிண்டை உரிக்க அவசரப்பட வேண்டாம். அசிட்டோன் உலோகத்தைச் சுத்தமாக்கும், ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். உடைந்த வாள், காணாமல் போன கேடயம், வெட்டி எறியப்பட்ட காலடிப் பட்டை, டிராகனுக்கு இல்லாத இறக்கை: இவைதான் விலையைப் பெரிதும் குறைக்கின்றன. பெயிண்டை வாங்குபவரே உரித்துக்கொள்வார். இறக்கைக்கு அவர் எங்கே போவார்?

விலையைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஈபேயில் இப்போது கேட்கப்படும் விலை வெறும் ஆசை. 'விற்றவை' என்ற வடிகட்டியை வைத்துப் பார்த்தால்தான் உண்மையில் கைமாறிய தொகை தெரியும். அதிலும் சமீபத்திய மாதங்களை மட்டும் பாருங்கள், ஏனென்றால் இந்தச் சந்தை ஒரே அறிவிப்பில் புரண்டுவிடும். 2015இல் பழைய வார்ஹேமர் உலகத்தை நிறுவனம் முடித்துவைத்த பிறகு, அதன் படைகளில் ஒன்றான பிரெட்டோனியக் குதிரைவீரர்களின் விலை ஏறிக்கொண்டே போனது. 2024 ஜனவரியில், அதே உலகத்தில் நடக்கும் தி ஓல்ட் வேர்ல்ட் விளையாட்டு வந்தபோது அந்தப் பழைய அச்சுகளே மறுபடி கடைக்கு வந்தன. படை திரட்டுவதற்காகப் பழைய பிரதியைத் தேடியவர்களுக்கு அதன்பின் அதிக விலை கொடுக்கும் தேவை இல்லாமல் போனது. ஆனால் 80களின் ஈய வார்ப்பைச் சேகரிப்பவர் வேறு ஆள். புதுப் பிரதி அவருக்கு மாற்று ஆகாது. உங்கள் உருவத்தைத் தேடுவது விளையாடுகிறவரா, சேகரிக்கிறவரா என்று தெரிந்துகொள்வது விலையைப் பாதி தெரிந்துகொண்ட மாதிரி.

ஈபே ஏலமும் ஈபே நிலைவிலையும்

அரிய உருவம் ஒன்று இருக்கிறது, அதன் விலை யாருக்கும் சரியாகத் தெரியாது என்றால் ஏலத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. ஆனால் ஏலத்துக்கு அதை உண்மையிலேயே விரும்பும் இரண்டு பேர் வேண்டும். 99 பென்ஸில் தொடங்கிய ஏலத்துக்கு ஒருவர் மட்டும் வந்தால் அந்த 99 பென்ஸுக்கே போய்விடும், நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை முடியும்படி பலர் வைக்கிறார்கள். பிரிட்டனில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், அமெரிக்காவிலும் அப்போது பகல். விற்ற விலைகள் ஒரே அளவில் வரிசையாகத் தெரிகின்றன என்றால் ஏலம் தேவையில்லை. நிலைவிலை போட்டு, பேரம் பேசும் வசதியையும் திறந்து வையுங்கள். விற்க நாளாகும், ஆனால் அடிமாட்டு விலைக்குப் போகாது.

ஈபேயில் நான் பெரிதாக நினைக்கும் ஆபத்து ஒன்றுதான்: மங்கலான ஒரே படத்தில் எல்லாவற்றையும் கொட்டி, 'பழைய வார்ஹேமர், மொத்தமாக' என்று போடுவது. அந்தப் படத்தின் மூலையில் நிற்கும் ஒற்றை உருவத்துக்காகவே ஒரு வியாபாரி முழுக் குவியலையும் வாங்குவார். அவர் தன் கண்ணுக்குக் கூலி வாங்குகிறார், அதில் அவர்மேல் தப்பில்லை. அந்தக் கூலியை உங்களால் மிச்சப்படுத்தியிருக்க முடியும்.

கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் தனிநபர் விற்பனையாளரிடம் ஈபே கமிஷன் எடுப்பதில்லை. அதற்குப் பதில் 2025 பிப்ரவரியில் வாங்குபவரிடம் ஒரு பாதுகாப்புக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. அவர் கண்ணுக்குத் தெரியும் விலையிலேயே அது அடங்கியிருக்கும். ஆக, கட்டணம் யார் பெயரில் இருந்தாலும் பழையபடி விலையைத்தான் கடிக்கிறது. அமெரிக்காவில் விற்பவரிடம் சுமார் 13 சதவீதம் போகும், அதுவும் தபால் செலவையும் சேர்த்த மொத்தத்தின் மேல். வெளிநாட்டு ஆட்களை நம்பி ஏலம் வைப்பதும் முன்பு போல இல்லை. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பினால் 2021இலிருந்து இறக்குமதி வரிக் கணக்கு இருக்கிறது. 800 டாலருக்குட்பட்ட பொதிகளுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த வரிவிலக்கும் 2025 ஆகஸ்ட் இறுதியில் நின்றது.

ஆர்வலர் குழுக்கள்

எனக்குக் கேட்டால், நடுத்தர விலை உருவங்களுக்கு இதுதான் இருவருக்கும் நியாயமான இடம். ஈபேயில் விற்ற விலை 40 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதுகாப்புக் கட்டணம் போக விற்பவர் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. குழுவில் 36 கேட்டால், வாங்குபவருக்கு மிச்சம், உங்களுக்கும் பெரிய நஷ்டம் இல்லை. இடையில் யாரும் இல்லாததன் லாபத்தை இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்கிறீர்கள். மேலும் இங்கே இருப்பவர்களுக்குப் பொருளைத் தெரியும். ஜெஸ் குட்வின் செதுக்கியதா, கெவின் ஆடம்ஸ் செதுக்கிய கோப்ளினா, பெர்ரி சகோதரர்களின் கைவேலையா என்று படத்தைப் பார்த்தே சொல்வார்கள். நீங்கள் தப்பாக எழுதியிருந்தால் திருத்தவும் செய்வார்கள். தன் படைக்கு ஒரே ஒரு கொடிவீரன் மட்டும் குறைகிறது என்று காத்திருக்கும் ஆளை ஈபே உங்களுக்குக் காட்டாது. குழுவில் 'வேண்டும்' என்று எழுதியே போட்டிருப்பார்.

பாதுகாப்புதான் இங்கே குறை. அதனால்தான் பெரும்பாலான குழுக்களில் சில விதிகள் உண்டு: விலையைச் சொல்லித்தான் போட வேண்டும், பெயரும் தேதியும் எழுதிய சீட்டை உருவங்களுக்கு அருகில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். பேபால் வழியாகப் பணம் வாங்கும்போது 'நண்பர், குடும்பம்' வகையில் அனுப்பச் சொல்லாதீர்கள். அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. வியாபார வகையில் வாங்கி, அதன் கட்டணத்தை விலையிலேயே சேர்த்துவிடுவது நேர்மையானது. போலி வார்ப்பு பற்றிய சந்தேகம் வந்தால் காலடிப் பட்டையையும் முதுகுப் பக்கத்தையும் நெருக்கமாகப் படம் எடுத்துக் காட்டுங்கள். நகல் அச்சில் எடுத்த உருவம் அசலைவிடக் கொஞ்சம் சுருங்கியிருக்கும், நுணுக்கங்கள் மழுங்கியிருக்கும், குமிழ்த் துளைகளும் தெரியும்.

வியாபாரிக்கு மொத்தமாக

பழைய விளையாட்டுப் பொருட்களை வாங்கி விற்கும் கடைகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உண்டு. விஸ்கான்சினில் இருக்கும் நோபிள் நைட் கேம்ஸ் அவற்றில் நன்கு அறியப்பட்டது. இவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டு மனம் உடைகிறவர்கள் அதிகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்த ஒரு கடை உங்களிடம் 40 பவுண்டுக்கு வாங்கி 100க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பொருள் வியாபாரத்துக்கான வரி முறையில் அந்த 60 பவுண்டு வித்தியாசத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 பவுண்டு, வரியாகப் போகும். மிச்சம் 50இல் ஆள் கூலி, வாடகை, இணையக் கட்டணம், விற்காமல் தங்கும் சரக்கு எல்லாம் அடங்க வேண்டும். அந்த நிலையில் 40 என்பது ஏமாற்று விலை இல்லை. 15 கொடுத்தால் எழுந்து வந்துவிடலாம். பணத்துக்குப் பதில், அதே கடையில் பொருள் வாங்குவதற்கான வரவாக எடுத்துக்கொண்டால் கொஞ்சம் கூட்டித் தரும் கடைகள் உண்டு. தொடர்ந்து விளையாடுகிறவருக்கு அது நல்ல பேரம்.

இறந்தவரின் சேகரிப்பை விற்கும் குடும்பத்துக்கு இந்த வழி பொருந்தும். ஆயிரக்கணக்கான உருவங்களை ஒவ்வொன்றாக விற்கச் சொல்வது, துக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்கக் கூடாத வேலை. ஆனால் கடைக்குப் போகும் முன் விவரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு கடைகளில் விலை கேளுங்கள்.

கண்காட்சி மேசை

பிரிட்டிஷ் போர் விளையாட்டுக் கண்காட்சிகளில் 'பிரிங் அண்ட் பை' என்ற மேசை பழைய வழக்கம். சீட்டில் விலை எழுதி ஒட்டிப் பொருளைக் கொடுத்துவிட்டுப் போகலாம். விற்றால், நடத்தும் சங்கம் ஒரு சிறு கமிஷன் எடுத்துக்கொண்டு மாலையில் பணம் தரும். அமெரிக்காவில் ஹிஸ்டாரிகான் என்ற போர் விளையாட்டு மாநாடு நடக்கும்போது 'வாலிஸ் பேஸ்மென்ட்' என்ற சந்தையில் மேசையை வாடகைக்கு எடுத்து நீங்களே விற்கலாம்.

சிட்டாடல் அரிய உருவங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அன்றைக்கு வந்தவர்கள் மட்டுமே வாங்குபவர்கள். ஆனால் வரலாற்றுப் படைகளுக்குக் கதையே வேறு. பெட்டியில் ஹின்ச்க்ளிஃப், மினிஃபிக்ஸ் போன்ற நிறுவனங்களின் 25 மில்லிமீட்டர் நெப்போலியன் காலப் படைகள் இருந்தால், அவற்றின் பல அச்சுகளில் இன்னும் வார்க்கிறார்கள். அபூர்வம் என்ற மதிப்பு அவற்றுக்கு இல்லை. அங்கே விலையைத் தூக்குவது பெயிண்ட்தான். ஒழுங்காக வண்ணம் தீட்டி, அடித்தட்டு போட்டு, முழுப் பட்டாளமாக நிற்கும் படையை ஒருவர் நேரில் பார்த்தால் அன்றே வாங்கிப் போவார். தீட்டுவதற்கு ஆகும் பல மாத உழைப்பு அவருக்குத் தெரியும். கனமான உலோகத்தைத் தபாலில் அனுப்பும் செலவும் உடையும் பயமும் இல்லை.

ஒரு பெட்டியைப் பிரித்தால்

முந்நூறு உருவங்கள் உள்ள ஒரு பெட்டியை நான் பிரிப்பது இப்படித்தான். பட்டையில்லாத ஆரம்பகால வார்ப்புகள், முழுமையான பெரிய அரக்கர்கள், திறக்காத உறைகள்: இவை ஒவ்வொன்றாக ஈபே ஏலத்துக்கு. இருபதோ முப்பதோ தேறினால் அதிகம். பெயர் தெரிந்த, விலை நிலையான உலோக உருவங்கள் குழுவுக்கு, படைப்பிரிவு பிரியாமல். பிளாஸ்டிக் விண்வெளி வீரர்கள் அந்தக் காலத்தில் ஒரு பெட்டியில் முப்பது பேர் என்று ஏராளமாக விற்றவை. தலை, கை, துப்பாக்கி எல்லாம் சரியாக இருந்தால் பத்துப் பத்தாகச் சேர்த்துக் குழுவிலேயே போடுவேன். வரலாற்றுப் படைகள் அடுத்த கண்காட்சிக்கு. மிச்சமிருக்கும் உடைந்தவை, ஒட்டுப் பிரிந்தவை, யாரென்று தெரியாதவை எல்லாம் கடைக்கு. தனிக் கேடயங்கள், வாள்கள், பழைய அடித்தட்டுகளை மட்டும் அதில் போட மாட்டேன். அவற்றை ஒரு சிறு பையில் கட்டி, குழுவில் தபால் செலவுக்கு மட்டும் கொடுத்துவிடலாம். கேடயம் தொலைந்த குள்ளனை வைத்திருக்கும் யாராவது அங்கே இருப்பார்கள்.