ஒரு நிலையத்துக்கு இவ்வளவு பெரிய டயலா? ஒன்பது ஆண்டு டியூனர் அனுபவம்

எங்கள் வீட்டு எஃப்.எம். வானொலி டியூனரின் முள் 9 ஆண்டுகளாகப் பெரும்பாலும் 100.1 என்ற இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை. 88 முதல் 108 வரை எண்கள் எழுதிய நீளமான கண்ணாடி, அதன் பின்னால் மஞ்சள் வெளிச்சம், வலது ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குமிழ். இவ்வளவும் ஒரே ஒரு நிலையத்துக்காக. "என்னங்க, ஒரு ஸ்டேஷனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய டயல்?" என்று மனைவி முதல் வாரத்திலேயே கேட்டார். நேரான பதில் இன்றுவரை என்னிடம் இல்லை. சுற்றி வளைத்துச் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு.

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதப் போவதில்லை. பழைய ஆடியோச் சாமான்களில் ஒரு மாடலை நான்கு பேர் புகழ்ந்துவிட்டால் அடுத்த மாதமே விலை ஏறிவிடுகிறது. உதிரிபாகங்களுக்காக நானே இன்னொன்று தேடிக்கொண்டிருக்கிறேன். 1970களின் பிற்பகுதியில் ஜப்பானில் செய்யப்பட்டு அமெரிக்கச் சந்தைக்குப் போய், அங்கிருந்து யாரோ ஒருவருடைய வீட்டுச் சாமான்களோடு பெங்களூருக்கு வந்து, கடைசியில் 11,000 ரூபாய்க்கு அல்சூரில் எங்கள் நான்காவது மாடிக்கு ஏறியது என்ற அளவோடு விடுகிறேன்.

டியூனரைப் பார்த்திராதவர்களுக்கு: அது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இல்லாத வானொலி. அலையைப் பிடித்து, வேண்டாததை விலக்கி, சுத்தமான சிக்னலாக அடுத்த பெட்டிக்குக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்த ஒரே வேலைக்காக 1960களிலும் 70களிலும் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு பணத்தைக் கொட்டின. மராண்ட்ஸ் 10பி-யின் முகப்பில் சிக்னலின் தரத்தைக் கண்ணால் பார்க்க ஒரு சிறிய ஆசிலாஸ்கோப் திரையே இருந்தது. மெக்கின்டாஷ் எம்.ஆர்.78 நெருக்கமான நிலையங்களைப் பிரித்தெடுப்பதில் இன்றும் பெயர் பெற்றது. அவை இரண்டையும் நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் கேங் கண்டன்சர். மெக்கானிக்குகளின் வாயில் வெறும் 'கேங்'. அலுமினியத் தகடுகள் ஒன்றோடொன்று உரசாமல் இரண்டு வரிசையாக நிற்கும். குமிழைத் திருப்பினால் ஒரு வரிசை மற்றதன் இடைவெளிக்குள் புகுந்து வெளியே வரும். சாதாரண எஃப்.எம். ரேடியோவில் இப்படி இரண்டு அல்லது மூன்று அடுக்குகள் இருக்கும். என்னுடையதில் ஐந்து. வேண்டாத நிலையத்தைத் தடுக்கும் வாயில்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாயிலில் தப்பித்து உள்ளே வந்த அண்டை நிலையத்தை அடுத்த வாயிலில் மடக்கும். அங்கும் தப்பினால் அதற்கடுத்த வாயில். எல்லா வாயில்களையும் தாண்டிய அலை 10.7 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றப்பட்டு, அகலமாகவோ குறுகலாகவோ வடிகட்டப்படும். முகப்பில் அதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. அகல நிலையில் ஒலி விரிந்து கேட்கும். பக்கத்து நிலையம் தொல்லை கொடுத்தால் குறுக்கிக்கொள்ளலாம். அல்சூரில் எனக்கு அதைக் குறுக்க வேண்டிய தேவை ஏற்பட்டதே இல்லை. மழை நாளில் மட்டும் சும்மா ஒரு முறை தட்டிப் பார்ப்பேன்.

குமிழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே கனமான ஒரு சக்கரம் இருப்பதால், 88 பக்கத்தில் சுண்டிவிட்டால் முள் தானாகவே வழுக்கிக்கொண்டு 100ஐத் தாண்டிப் போய் நிற்கும். எங்கள் வீட்டுக்கு வரும் குழந்தைகள் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். பெரியவர்கள் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் செய்வார்கள்.

வாங்கிய புதிதில் பெரும் ஏமாற்றம். வீணையின் மீட்டு மழுங்கியிருந்தது. கஞ்சிராவின் காசுகள் துணிக்குள் சுற்றி வைத்ததுபோல ஒலித்தன. இரண்டாயிரம் ரூபாய் ரேடியோவே பரவாயில்லை என்று தோன்றியது. ஆறு மாதம் ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன், வயரைச் சந்தேகித்தேன், ஐம்பதைத் தாண்டிய என் காதையும் சந்தேகித்தேன். பிறகு எஸ்.பி. ரோட்டில் ஒரு மாடிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஆம்பூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எல்லோரும் 'பாய்' என்றுதான் அழைப்போம். ஸ்பீக்கரில் இரண்டு நிமிடம் கேட்டார், பின்பக்கம் திருப்பி 120 வோல்ட் என்று எழுதியிருந்ததைப் பார்த்தார், சிரித்தார்.

"தம்பி, பெட்டியில் குறை ஒன்றும் இல்லை. அது இன்னும் அமெரிக்காவில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது."

விஷயம் இதுதான். எஃப்.எம். ஒலிபரப்பில் கீச்சென்ற மேல் ஒலிகளில்தான் இரைச்சல் அதிகம் சேரும். ஆகவே நிலையம் அவற்றைச் சற்றே தூக்கி அனுப்பும். டியூனர் அதே அளவுக்கு இறக்கிக்கொள்ளும்போது இரைச்சலும் சேர்ந்து இறங்கிவிடும். இந்தத் தூக்கலுக்கு அமெரிக்காவில் 75 மைக்ரோ செகண்டு என்று கணக்கு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50. பெங்களூர் நிலையம் 50 கணக்கில் தூக்கியதை என் பெட்டி 75 கணக்கில் அமுக்கிக்கொண்டிருந்தது. 10 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் 3 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வரும். சில டியூனர்களில் இதற்குப் பின்புறம் ஒரு சுவிட்ச் இருக்கும், என்னுடையதில் இல்லை. பாய் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று இரண்டே இரண்டு சிறிய கண்டன்சர்களைக் கழற்றி, மூன்றில் இரண்டு பங்கு மதிப்புள்ளவற்றை மாட்டினார். பாகங்களுக்கு 40 ரூபாய், கூலி 300. அன்று மாலை கஞ்சிரா துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

அமெரிக்க மாடல் வாங்குகிறவர்கள் 230 வோல்ட்டில் நேராகச் செருகிவிடாமல் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டியது, அதை டியூனரிலிருந்து நான்கடி தள்ளி வையுங்கள் என்பது. நான் முதலில் வாங்கியது வண்டுபோல ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

ஆண்டெனா விஷயத்தில் நான் கஞ்சத்தனம் செய்து ஓராண்டை வீணாக்கினேன். பழைய டி.வி.க்குப் பயன்படுத்துவார்களே, அந்தத் தட்டை வயரை ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு வெட்டி, 'டி' வடிவத்தில் ஜன்னலின் மேல் ஆணியடித்தேன். அடுத்த மனையில் ஆறு மாடி எழும்பியதும் ஒலியில் ஒரு கரகரப்பு வந்தது. 's'-ஒலி வரும் இடமெல்லாம் தூள்தூளாக உதிரும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு மோதுவதன் விளைவு அது. சிக்னல் மீட்டர் முழுதாக ஏறி நின்றாலும் கேட்கச் சகிக்காது. மொட்டை மாடியில் ஆண்டெனா வைக்க வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்டேன். வானொலிக்கு என்றால் அவர் நம்பவில்லை. திருட்டு கேபிள் என்று நினைத்தார். வீட்டுக்கு அழைத்துக் கேட்க வைத்தேன். அன்று புரந்தரதாசர் கீர்த்தனை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என் அதிர்ஷ்டம். அனுமதியோடு ஏணியும் கிடைத்தது. அதன்பிறகு எனக்கு வந்த ஒரே தொல்லை பருந்து. அல்சூர் ஏரிப் பக்கத்துப் பருந்துகளில் ஒன்றுக்கு அந்தக் கம்பி பிடித்துப்போய், வந்து உட்கார்ந்து உட்கார்ந்து மாதம் ஒரு முறை திசையைத் திருப்பிவிடுகிறது.

இவ்வளவு பாடுபட்டு என்ன கேட்கிறேன்? 100.1இல் வருவது ஆகாசவாணியின் சாஸ்திரிய இசை நிலையம், அமிர்தவர்ஷினி. கர்நாடக இசையும் இந்துஸ்தானியும் மாறி மாறி வரும். (ஆகாசவாணி என்ற பெயரே 1935இல் மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி தம் வீட்டில் நடத்திய வானொலிக்கு இருந்த பெயர். திருச்சி நிலையத்தைக் கேட்டு வளர்ந்த எங்கள் அம்மா இன்றும் 'வானொலி' என்றுதான் சொல்வார்; ஆகாசவாணியா வானொலியா என்ற வழக்கை இங்கே திறக்கவில்லை.) நல்ல டியூனர் வந்த பிறகு நிலையத்தால் எதையும் ஒளிக்க முடியாது. தம்புரா எங்கிருந்து ஒலிக்கிறது, பக்கவாத்தியத்துக்கு மைக் எவ்வளவு தள்ளி இருந்தது, அறிவிப்பாளர் தாளைத் திருப்புவது, யாரோ நாற்காலியை இழுப்பது எல்லாம் வரும். அக்கறையோடு எடுத்த பதிவு எது, எங்கிருந்தோ இறக்கிய அழுத்தப்பட்ட கோப்பு எது என்பது மூன்றாவது ஆண்டில் எனக்கே தெரிந்துவிட்டது. தெரியாமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றிய நாட்களும் உண்டு.

தனியார் நிலையங்களில் இந்த வெளிச்சம் இன்னும் கொடுமையானது. நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். 2001 ஜூலையில் தொடங்கியது இதே ஊரில்தான். அந்த நாட்களின் உற்சாகம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் இப்போது டயலின் அந்தப் பக்கம் போனால், மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே மட்டத்துக்கு நசுக்கப்பட்டு, பாட்டு சுவரில் ஒட்டிய சுவரொட்டி போல இருக்கிறது. கார் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். காருக்கு அது சரிதான். கூடத்தில் உட்கார்ந்து கேட்க ஆகாது. திரைப்பாட்டுக்காக மட்டும் பழைய டியூனர் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளலாம்.

இனி ஓர் அவமானகரமான உண்மை. ஸ்டீரியோ டியூனர் வாங்கிய நான் பாதி நேரம் மோனோவில், அதாவது இடது வலது பிரிக்காத ஒற்றை ஒலியில்தான் கேட்கிறேன். ஸ்டீரியோ ஒலிபரப்பில் இடதும் வலதும் தனித்தனியே வருவதில்லை. இரண்டின் கூட்டல் ஒரு பாதையில் வரும். இரண்டின் கழித்தல் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையின் முதுகில் ஏறி வரும். கூடவே 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டி ஓசை. டியூனர் கணக்குப் போட்டு இடதையும் வலதையும் மீட்கிறது. இந்த வித்தைக்கு விலை இரைச்சல்: ஒரே சிக்னலுக்கு மோனோவைவிட 20 டெசிபலுக்கு மேல் கூடுதலாக வரும். வானொலிக் களஞ்சியத்தின் பழைய கச்சேரிகளோ மோனோவில் பதிவானவை. 1954இல் தொடங்கிய வானொலி சங்கீத சம்மேளனங்களின் ஆரம்ப காலப் பதிவு எதுவானாலும், சிவப்பு ஸ்டீரியோ விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஸ்டீரியோவில் எதுவும் இருக்காது. மோனோ பொத்தானை அழுத்தினால் சாரல் நின்றதுபோல ஓர் அமைதி வரும். அதற்குள்ளிருந்து பாடகரின் குரல் ஓரடி முன்னால் வந்து நிற்கும். அந்தக் கணத்துக்காகவே அந்தப் பொத்தானை மிகவும் பிடிக்கும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. இரண்டாம் கோடையில் அரைமணி நேரம் ஓடியதும் ஸ்டீரியோ விளக்கு மின்னி மின்னி அணையத் தொடங்கியது. ஸ்டீரியோவைப் பிரிக்க உள்ளே அதிர்வை உண்டாக்கும் ஆசிலேட்டர், வயதானதால் 76 கிலோஹெர்ட்ஸிலிருந்து நழுவியிருந்தது. பாய் மீட்டரை வைத்து ஒரு சின்னத் திருகைக் கால் சுற்றுத் திருப்பினார், முடிந்தது. பவர் பகுதியின் பெரிய கண்டன்சர்களை ஐந்தாம் ஆண்டில் மாற்றினேன். முள்ளை இழுக்கும் டயல் நூல் ஒரு முறை அறுந்தது. அதை மறுபடி கோக்க ஒரு ஞாயிறு முழுதும் போனது, மீன் பிடிக்கும் நூல் உதவியது. அடுக்களையில் மாட்டிய மலிவான எல்.இ.டி. விளக்கு ஒன்று மூன்று வாரம் டியூனரின் ஒலியில் 'உர்' என்று உறுமி என்னை அலைக்கழித்தது. நீங்கள் செய்யக்கூடாத ஒன்றே ஒன்று: காயில்களையும், நுணுக்கமாகச் சரிசெய்யும் டிரிம்மர்களையும் ஸ்க்ரூடிரைவரால் திருகிப் பார்ப்பது. கருவி இல்லாமல் அவற்றைத் தொட்டால் திரும்பி வர வழி கிடையாது.

வாங்கும்போது டயலில் எழுதியிருக்கும் எண்களைப் படியுங்கள். என் நண்பர் ஒருவர் ஜப்பானின் உள்நாட்டு மாடலை, புதுப் பெட்டிபோல மின்னியதை, ஆசையாக வாங்கி வந்தார். ஜப்பானில் அந்தக் காலத்து எஃப்.எம். 76 முதல் 90 வரைதான். இங்கே சமுதாய வானொலி 90.4இல், தனியார் நிலையங்கள் 91.1இலிருந்து. அவருடைய முள் 90இல் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. விருந்தினர் வந்தால் விளக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறார்.

அதே நிலையம் கைபேசியில் வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது, பயணத்தில் நானும் அதில்தான் கேட்கிறேன். வீட்டில் அம்மா ஒப்புக்கொள்வதில்லை. சுவர்க் கடிகாரத்தை வானொலியின் நேர ஓசையைக் கேட்டுத் திருத்துவது அவருடைய பழக்கம். டியூனரில் ஓசை வந்து அரை நிமிடம் போல் ஆன பிறகு கைபேசியில் வருகிறது. "ஏண்டா, நேரத்தையே தாமதமாகச் சொல்கிறதே, இதையா நம்புவது?" என்றார்.

இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது 1977 ஜூலையில். ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானில் பிறந்த பெட்டி இது. ஒலிபரப்பின் கணக்கு அன்றிலிருந்து மாறாததால்தான் இன்றும் வேலை செய்கிறது. நார்வே 2017இல் தேசிய நிலையங்களின் எஃப்.எம்.மை நிறுத்தி டிஜிட்டலுக்குப் போய்விட்டது. அங்குள்ள டியூனர்கள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்று சில சமயம் நினைப்பதுண்டு.

சென்ற வாரம் டயலின் பின்னால் இருந்த நான்கு விளக்குகளில் ஒன்று போய்விட்டது. 103க்கு மேல் இருட்டு. பாயிடம் அதே ரகத்தில் இரண்டு விளக்குகள் இருக்கின்றனவாம், எப்போது வேண்டுமானாலும் வரச் சொன்னார். 100.1 வெளிச்சத்தில்தான் இருக்கிறது. இன்னும் போகவில்லை.