மூன்று வருடமாக ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறோம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு முடிந்துவிடும். பாத்திரம் கழுவி வைத்ததும் ஒருவர் புத்தகத்தை எடுத்துச் சத்தமாக வாசிப்போம், மற்றவர் கேட்போம். முப்பது, நாற்பது நிமிடம். 2022 ஜூன் மாதம் தொடங்கிய பழக்கம், மூன்று வருடம் தாண்டியும் விடவில்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கும் கணக்குப்படி 37 புத்தகங்களை முடித்திருக்கிறோம், ஆறு புத்தகங்களைப் பாதியில் விட்டிருக்கிறோம். புதிதாகக் கல்யாணமான என் சித்தி மகள் "என்னக்கா படிக்கலாம், எப்படி ஆரம்பிக்கலாம்" என்று கேட்டாள், அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தொடக்கம் சாதாரணமானது. என் வீட்டுக்காரர் தேயிலைக் கொழுந்து ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். காலையிலிருந்து வளைவு வளைவாக ஓட்டிவிட்டு வந்து புத்தகத்தைப் பிரித்தால் ரெண்டாவது பக்கத்தில் கண் சொக்கிவிடும். "நீ படிச்சுக் காட்டு, நான் கேக்கறேன்" என்றார். ஒரு மாதம் நான் மட்டும் வாசித்தேன், தொண்டை கட்டிக்கொண்டது, அப்புறம் அவரும் வாசிக்க ஆரம்பித்தார். முதலில் திக்கித் திக்கித்தான் வாசித்தார், ஆறு மாதத்தில் அவர் வாசிப்பதைக் கேட்பதுதான் எனக்கு அதிகம் பிடித்துப்போனது.

இத்தனை நாளில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது, நல்ல புத்தகமும் வாசித்துக் காட்ட ஏற்ற புத்தகமும் ஒன்றல்ல என்பது. ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி எவ்வளவு பெரிய நாவல் என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதைச் சத்தமாக வாசித்தபோது நாங்கள் ரெண்டு பேரும் தடுமாறினோம். பாண்டியனின் நினைவு மதுரைக்கும் மெடானுக்கும் பினாங்குக்கும் தாவிக்கொண்டே இருக்கும், கண்ணால் படிக்கும்போது ஒரு வரி மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், காதால் கேட்கிறவருக்கு அது முடியாது. எண்பது பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தனித்தனியாகப் படித்து முடித்தோம். அசோகமித்திரனின் தண்ணீர் நாவலும் அப்படித்தான், அவர் சொல்லாமல் விடுகிற இடங்களில் நின்று நின்று படிக்க வேண்டும், வாசிக்கிற குரல் அந்த இடத்தைக் கடந்து போய்விடுகிறது.

இதற்கு நேர் மாறாக, கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் வாயால் சொல்வதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, அவருடைய இடைசெவல் எங்களுக்கு எட்டின தூரம். அந்தப் பேச்சை வாசிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மறந்துபோன என் சொந்த நாக்கு திரும்பி வந்தது. கதையின் தொடக்கத்திலேயே ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் காது நகைக்காக ஒருவன் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்வான், அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்த பிடியை விடமாட்டாள். அந்த இடத்தில் இவர் வாசிப்பை நிறுத்தச் சொல்லி, "காதுல கிடக்கிற நகைக்கா ஒரு உசுரு?" என்று கேட்டார். என் ஆச்சி போட்டிருந்த பாம்படத்தைப் பற்றி அன்றைக்குத்தான் அவருக்குச் சொன்னேன், அதன் கனத்தில் காது தோள்வரை தொங்கியதை, பின்னாளில் அதைக் கழற்றி அடகு வைத்ததை, வெறும் காது ஆடிக்கொண்டே இருந்ததை. அன்றைக்கு அதற்குமேல் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. 1976-ல் வந்த நாவல், இன்றும் முதல் புத்தகமாக நான் கைகாட்டுவது இதைத்தான். மங்கத்தாயாரு அம்மாள் தன் கூட்டம் தெற்கே ஓடிவந்த கதையைச் சொல்லும் பகுதியை மட்டும் ரெண்டு நாளாகப் பிரிக்காமல் ஒரே மூச்சில் வாசியுங்கள்.

அவர் வீட்டுக் கதை வேறு. என் மாமியார் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். 1964-ல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான பேரில் ஒருவர், பன்னிரண்டு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியிருக்கிறார். அத்தைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும்தான் வரும். நாங்கள் வாசிக்கும்போது அடுப்படியில் ஏதாவது வேலையாக இருப்பார், கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

எரியும் பனிக்காடு எடுத்தபோதுதான் தெரிந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வெளிவந்த நாவல், தமிழில் இரா. முருகவேள் கொண்டுவந்தார். 2013-ல் வந்த பரதேசி படத்துக்கு இதுதான் மூலம், படத்தில் கதை நிறைய மாறியிருக்கிறது, அதனால் படம் பார்த்தவர்களும் கட்டாயம் படிக்கலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறுகிறார்கள். என் பக்கத்து மண்ணிலிருந்து கிளம்பி அவர் பக்கத்து வாழ்க்கைக்குள் போகிற கதை. அவர்கள் முதல் நாள் வேலைக்குப் போகும் பகுதியை இவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, அத்தை ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார். "விடியறதுக்கு முன்னாடி தப்பு மேளம் அடிப்பாங்க. அந்தச் சத்தம் கேட்டா எல்லாரும் பெரட்டுக்களத்துல நிக்கணும். பிந்திப் போனா அரைப்பேர்தான் போடுவாங்க" என்றார். பெரட்டுக்களம் என்பது காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடம், முழு நாள் வேலை செய்தும் பாதிச் சம்பளம் எழுதுவதைத்தான் அரைப்பேர் என்பார்களாம். இவர் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். பெற்ற மகனுக்கே அந்தச் சொல் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அத்தை தினமும் எட்டேகாலுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார், பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வரகாப்பி டம்ளரோடு.

அந்த நாவல் முடிந்த வாரமே புதுமைப்பித்தனின் துன்பக்கேணியை வாசித்தோம். 1930-களிலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதையை எழுதியிருக்கிறார். மூன்று நாளில் முடிந்துவிடும், ஆனால் நெஞ்சைப் பிசையும், பெரியவர்கள் கூட இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாசியுங்கள்.

நீலகிரியில் இருப்பவர்கள் படிக்காமல் விடக் கூடாதது ராஜம் கிருஷ்ணனின் குறிஞ்சித் தேன். இந்த மலையின் படகர் சமூகத்தாரின் வாழ்க்கையை வைத்து எழுதியது, ஜோகி என்ற சிறுவனில் தொடங்கி, தேயிலையும் பணமும் மின்திட்டமும் வந்து ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர், எப்படி மாறுகிறது என்று காட்டும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொண்டு வயதைக் கணக்கிடுகிற மனிதர்கள். நாங்கள் வாசித்த பிரதியை எதிர்வீட்டுப் படக அக்கா வாங்கிக்கொண்டு போனார், ரெண்டு வாரம் கழித்துத் திருப்பித் தரும்போது, சில சடங்குகள் அவர்கள் ஹட்டியில் வேறு மாதிரி என்று ஒரு மணி நேரம் நின்று சொன்னார், அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அந்தப் புத்தகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். நடை சில இடங்களில் மெதுவாகப் போகும், வருணனை கூடுதல், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 2009-லேயே அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன, அதனால் காசு கொடுக்காமலும் படிக்க வழி உண்டு.

நாவல் வேண்டாம், ஒரே ராத்திரியில் முடிய வேண்டும் என்பவர்களுக்கு ஜெயமோகனின் யானை டாக்டர். டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்ற நிஜமான வன மருத்துவரைப் பற்றியது. சுற்றுலா வருகிறவர்கள் உடைத்துப் போடும் பாட்டில் சில்லு யானையின் காலில் ஏறிச் சீழ் பிடிக்கும் இடத்தை வாசித்த மறுநாளிலிருந்து, இவர் குஞ்சப்பனை பக்கம் போகும்போது ரோட்டோரம் பாட்டில் கிடந்தால் வண்டியை நிறுத்தி எடுத்துச் சாக்கில் போடுகிறார். பலாப்பழக் காலத்தில் யானைகள் இறங்கி வருகிற வழி அது.

சரி, புத்தகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் சொல்ல வேண்டும், இந்த ஊரில் அதுதான் பெரிய பாடு. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கூடுதல், ஐப்பசி கார்த்திகையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நடமாடும். காகிதம் அப்பளம் நமத்துப்போன மாதிரி தொய்ந்துவிடும், பசை வைத்து ஒட்டிய புத்தகம் என்றால் தாள் தாளாகக் கழன்று வரும். முதல் வருடம் பதினோரு புத்தகங்களில் பூஞ்சை பிடித்தது. இப்போது அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறோம், மழை மாதங்களில் உள்ளே ஒரு குண்டு பல்ப் எரியும், தட்டுக்குத் தட்டு வசம்புத் துண்டு கிடக்கும். மாசியில் எல்லாவற்றையும் எடுத்து வெயில் காட்டுவோம். ரெண்டு வருடமாகச் சேதம் இல்லை.

கூடவே ஒரு இ-ரீடர் வாங்கினோம். கரண்ட் போன ராத்திரிகளில் அதுதான் கை கொடுக்கிறது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால் அவருக்குக் கண் வலிப்பதில்லை. ஆனால் தமிழ்ப் புத்தகம் வாங்கும்போது முதல் சில பக்கங்களை இலவசமாக இறக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பக்கத்தை அப்படியே படம் பிடித்துப் போட்டிருந்தால் எழுத்து பெரிதாகாது, சிலவற்றில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் நிற்கும், சத்தமாக வாசிக்கும்போது அது பல்லில் கல் கடிபட்ட மாதிரி. தாளில் வாங்க வருடத்துக்கு ஒருமுறை கோவை புத்தகத் திருவிழாவுக்கு இறங்குவோம், மற்றபடி கிளை நூலகம் போதும்.

சித்தி மகளுக்கு ஒரே ஒரு விதி சொன்னேன். சேர்ந்து வாசிக்கிற புத்தகத்தை ஒருவர் மட்டும் முன்னால் போய்ப் படிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் பெரிய சண்டை வந்தது அதனால்தான், இவர் வண்டியில் காத்திருந்த நேரத்தில் நாற்பது பக்கம் படித்துவிட்டு ராத்திரி தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார், முகத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன், ரெண்டு நாள் வாசிக்கவில்லை. கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் முடியும், அதில் தப்பில்லை.

இப்போது சோ. தர்மனின் சூல் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்மாயும் மடையும் கரையும் என் ஊர்ச் சமாச்சாரம், அதனால் நான்தான் வாசிக்கிறேன். நேற்றைக்கு அத்தை, "கண்மாய்னா எம்புட்டுப் பெருசு இருக்கும், நம்ம டேம் அளவுக்கா?" என்று கேட்டார். அவர் கண்மாயைப் பார்த்ததே இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.