எல்லாவற்றுக்கும் ‘விளைவு’தானா? ஓர் அகராதிச் செயலி பற்றி

இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில-தமிழ் அகராதிச் செயலி ஒன்றைக் கொஞ்ச நாளாகப் பயன்படுத்துகிறேன், பெயர் வேண்டாம். வேகம் பிரமாதம், இணையம் இல்லாமலும் ஓடுகிறது. சிக்கல் அர்த்தத்தில்தான். கான்சிக்வென்ஸ் என்று தேடினால் ‘விளைவு’, ரிசல்ட்டுக்கும் விளைவு, எஃபெக்டுக்கும் அதேதான், சரி இதற்காவது வேறு ஏதாவது சொல்கிறதா பார்ப்போம் என்று ரீபர்கஷன் போட்டால் அதற்கும் ஒற்றைச் சொல்லாக ‘விளைவு’!

இதை நம்பி ஒரு மாணவர் ‘உழைப்பின் ரீபர்கஷன் வெற்றி’ என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தால் இலக்கணப் பிழை எதுவும் இருக்காது, ஆனால் படிப்பவருக்கு உழைத்தது ஏதோ குற்றம் போலத் தோன்றும். நல்ல விஷயத்துக்கு அந்தச் சொல் வருவது அபூர்வம். ஒரு செயல் நடந்து முடிந்து, சில காலம் கழித்து, நேரடியாக இல்லாமல் சுற்றி வளைத்து வந்து சேரும் கெட்ட பலன்தான் ரீபர்கஷன். பெரும்பாலும் பன்மையில்தான் வரும். தாள வாத்தியங்களைக் குறிக்கும் பெர்கஷனும் இதே லத்தீன் வேரில் பிறந்ததுதான், அடித்தது திரும்பி வந்து தாக்குவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. தமிழில் ‘பின்விளைவுகள்’ என்று போட்டிருந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும்: ‘பின்விளைவுகளைச் சந்திக்க நேரிடும்’ என்று ஒருவர் சொன்னால் பரிசு தரப்போகிறார் என்று நாம் நினைப்பதில்லையே.

இப்போது ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியின் இலவசத் தளத்துக்கு மாறிவிட்டேன். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, வேற்றுமொழிக்காரர்களுக்காகவே 1942ல் கொண்டுவந்த அகராதியின் வழியில் வந்தது என்பதால் நாம் எங்கே தடுக்கி விழுவோம் என்று அதற்குத் தெரிகிறது. ரீபர்கஷன் பெரும்பாலும் பன்மையில் வரும் என்பதைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே குறித்திருக்கிறார்கள், கெட்ட பலன் என்பது விளக்கத்திலேயே இருக்கிறது, ‘ஹேவ்’ என்ற வினையோடு எப்படிச் சேரும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களில் பார்த்துக்கொள்ளலாம், பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். விளம்பரங்கள் எரிச்சல்தான். தமிழில் அர்த்தம் கிடையாது, எனவே ஆரம்ப நிலையில் இருப்பவர் திணறுவார்.

செயலிக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்று இணையம் இல்லாமல் ஓடுவதற்கு. போனிலிருந்து நீக்கவில்லை, காய்கறி, பறவை, மரம் என்று பெயர்ச்சொல் தேட அது போதும்.